மவுண்ட் ரோட்டில் ஒரு வாரம்

ஜெமினி மேம்பாலத்துக்கு அருகே அண்ணா சாலையில் சஃபையர் தியேட்டர் நின்ற இடத்தை, ஐம்பது வயதைத் தாண்டிய சென்னைவாசி ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் இன்று அடையாளம் காண முடியும். 1964-இல் திறந்த வளாகம் அது. சஃபையர், புளூ டைமண்ட், எமரால்டு என்று ஒரே கட்டடத்துக்குள் மூன்று அரங்குகள். புளூ டைமண்டில் படம் இடைவிடாமல் ஓடிக்கொண்டே இருக்கும், டிக்கெட் வாங்கியவர் எந்நேரமும் உள்ளே போகலாம் என்பதைச் சொல்லாமல் அந்தத் தலைமுறை அந்தத் தியேட்டரைப் பற்றிப் பேசியதில்லை. 1990-களில் மூடினார்கள், பிறகு இடித்தார்கள். அந்தக் கட்டடத்தின் பேஸ்மென்டில் ஒரு காலத்தில் ஒரு நைட் கிளப் நடந்தது. மேலே மூன்று ரத்தினங்கள் இருந்ததாலோ என்னவோ, கீழே இருந்ததற்கு ‘நைன் ஜெம்ஸ்’ என்று பெயர்.

1969-இல் அங்கே உறவினரோடு வந்த ஓர் இளம்பெண் மேடையேறிப் பாடினார். பம்பாயில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். அப்பா அங்கே போலீஸ் அதிகாரி. பெயர் உஷா ஐயர். கட்டியிருந்தது புடவை, பாடியது ஆங்கிலப் பாட்டு. கேட்டவர்களுக்குப் பிடித்துப்போக, கிளப்பின் உரிமையாளர் ஒரு வாரம் தங்கிப் பாடும்படி கேட்டுக்கொண்டார். உஷா உதுப் என்ற பெயரில் நாடு முழுக்க அறியப்பட்ட பாடகியின் தொழில்வாழ்க்கை அந்த ஒரு வாரத்தில் தொடங்கியது. அடுத்து பம்பாயில் ‘டாக் ஆஃப் தி டவுன்’, அதற்குப் பிறகு கல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டில் ‘டிரின்காஸ்’. கல்கத்தா அவரை வைத்துக்கொண்டது. அரை நூற்றாண்டுக்கு மேலாக அவர் அந்த ஊர்க்காரர்.

முதலில் கேட்டு, முதலில் மேடை கொடுத்த மெட்ராஸ் ஏன் அவரை வைத்துக்கொள்ளவில்லை? தமிழர்களுக்கு மேல்நாட்டு இசை பிடிக்காது, சபா கலாசாரம் விட்டுவிடவில்லை என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். எனக்கு அந்தப் பதிலில் நம்பிக்கை இல்லை. ரசனையைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் சாராயச் சட்டத்தையும், ரேடியோவையும், ஹோட்டல் பில்லையும் பார்க்க வேண்டும்.

அதற்கும் முன்னால் அந்தக் குரல். உஷாவின் குரல் கனமானது, அடியில் ஓடுவது. பெண்குரல் என்றால் மேலே ஏறி மெலிந்து நிற்க வேண்டும் என்று பழகிய காதுக்கு அது முதலில் அதிர்ச்சிதான். பம்பாய் பைகுல்லாவில் அவர் படித்த செயின்ட் ஆக்னஸ் பள்ளியில், குரல் பொருந்தவில்லை என்று இசை வகுப்பிலிருந்தே அவரை வெளியே வைத்தார்கள். பாட வேண்டாம் என்று சொல்லிக் கையில் தாளக் கருவியைக் கொடுத்ததை அவரே பல பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். வீட்டில் பாட்டுக்குப் பஞ்சமில்லை. மூத்த சகோதரிகள் இந்திராவும் உமாவும் மேடையில் மேல்நாட்டுப் பாடல்கள் பாடிக்கொண்டிருந்தவர்கள். உமா பாடிய ‘பாம்பே மேரி ஹை’ அந்த நகரத்தின் செல்லப் பாட்டாகவே ஆனது. அப்படியொரு வீட்டுப் பெண்ணைத்தான் பாட்டு வகுப்பில் சேர்க்கவில்லை.

கர்நாடக இசை கேட்பவர்களுக்கு இந்த இடத்தில் டி.கே. பட்டம்மாள் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. காஞ்சிபுரத்தில் 1919-இல் பிறந்தவர். அவருடைய குரலும் கனமான குரல். மினுக்கும் குழைவும் இல்லாமல், அடியில் வேர் பிடித்து நிற்கும். பெண்கள் கச்சேரியில் ராகம் தானம் பல்லவி பாடுவது வழக்கமே இல்லாத காலத்தில் அவர் பாடிக் காட்டினார். அந்தக் குரலை மயிலாப்பூர் தலைக்குமேல் வைத்துக் கொண்டாடியது. மைக் வருவதற்கு முன்னால், கடைசி வரிசைவரை கேட்க வேண்டுமென்றால் உச்ச சுருதியில் பாடியாக வேண்டும். எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் நாடக மேடையில் அப்படித்தான் பாடினார்கள். மைக் வந்ததும் தணிந்த குரலுக்கும் ஒரு வாழ்வு கிடைத்தது. ஆகவே தாழ்ந்த சுருதியில் ஒரு பெண் பாடினால் தமிழ்க் காது ஏற்காது என்பது உண்மையில்லை. சபாவில் அதற்கு ஓர் இடம் இருந்தது, மதிப்பும் இருந்தது.

இடம் இல்லாதிருந்தது கோடம்பாக்கத்தில். கதாநாயகிக்குப் பின்னணி பாடுவதென்றால் பி. சுசீலா, எஸ். ஜானகி போன்ற குரல் வேண்டும். குரலில் கொஞ்சம் முரட்டுத்தனமும் வேகமும் இருந்தால் அது கிளப் டான்ஸுக்குப் போகும். எல்.ஆர். ஈஸ்வரி என்ற மகத்தான பாடகியை ஆண்டுக்கணக்கில் அந்த மூலையில் உட்கார வைத்தது தமிழ் சினிமா. (அதே ஈஸ்வரியின் குரல்தான் ஆடி மாதம் தமிழ்நாட்டின் ஒவ்வொரு தெருவிலும் அம்மன் பாட்டாக ஒலிக்கிறது. சினிமா ஒரு குரலுக்குப் போட்ட வேலியை ஜனங்கள் எவ்வளவு எளிதாகத் தாண்டிவிட்டார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.) அந்தக் காலப் படங்களில் மேல்நாட்டுப் பாட்டுப் பாடும் பெண் கவுன் அணிந்திருப்பாள், பின்னால் வில்லன் மேஜையில் கண்ணாடிக் கோப்பை இருக்கும். உடையும் குரலும் சேர்ந்து அவள் யாரென்று சொல்லிவிடும். புடவை கட்டிய ஒரு பெண் கிளப் மேடையில் நின்று ஆங்கிலத்தில் பாடினால் அந்தக் கணக்கு முழுவதும் குலைந்துவிடுகிறது. நைன் ஜெம்ஸில் நடந்தது அதுதான். புடவை ஒரு தந்திரம் என்று நான் நினைக்கவில்லை. நடுத்தரத் தமிழ் வீட்டுப் பெண் வெளியே போகும்போது உடுத்துகிற உடையில் மேடைக்கு வந்தார், அவ்வளவுதான். அந்த உடையை இன்றுவரை மாற்றவில்லை என்பதில்தான் அவருடைய உறுதி தெரிகிறது.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் பூமியின் மறுபக்கத்தில் இன்னொரு கனத்த குரல் இதே சிக்கலில் இருந்தது. கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், ஸ்பிரிங்ஹில் என்ற சுரங்க ஊரில் 1945-இல் பிறந்தவர் ஆன் மரே. கல்லூரியில் படிக்கும்போது, கனடிய ஒலிபரப்புக் கழகத்தின் ‘சிங்அலாங் ஜூபிலி’ என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குக் குரல்தேர்வுக்குப் போனார். தாழ்ந்த பெண்குரல்கள் எங்களிடம் போதிய அளவு இருக்கின்றன என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இரண்டு ஆண்டு கழித்துத் தயாரிப்பாளரே திரும்ப அழைத்தார். நடுவில் உடற்பயிற்சி ஆசிரியையாகவும் ஓராண்டு வேலை பார்த்தார். 1970-இல் அவருடைய ‘ஸ்னோபேர்ட்’ எல்லை தாண்டி அமெரிக்காவில் தங்கத்தட்டு வாங்கியது. கனடியப் பாடகி ஒருவர் தனியாகப் பாடி அதை வாங்குவது அதுவே முதல்முறை.

உஷாவுக்கும் ஆன் மரேவுக்கும் இரண்டு வயது வித்தியாசம். இருவரையும் அவர்களுடைய குரலின் கனமே முதலில் வாசலில் நிறுத்தியது. அதற்கு மேல் பாதை பிரிகிறது, பிரித்தது அரசாங்கம். அமெரிக்கப் பாட்டு வெள்ளத்தில் சொந்த ஊர்ப் பாடகர்கள் மூழ்கிவிடக் கூடாது என்று கனடா ஒரு விதி கொண்டுவந்தது. 1971 ஜனவரியிலிருந்து வானொலி நிலையங்கள் ஒலிபரப்பும் பாடல்களில் 30 சதவீதம் கனடியப் பாடலாக இருக்க வேண்டும் என்றது அந்த விதி. இசை, பாடுபவர், பதிவு, வரிகள் என்ற நான்கில் குறைந்தது இரண்டு கனடாவைச் சேர்ந்திருந்தால் அது கனடியப் பாடல். அந்தப் பாட்டு நல்லதா கெட்டதா என்று விதி கேட்கவில்லை. ஒலிபரப்ப நேரம் கொடு என்று மட்டும் சொன்னது. கனடிய பாப், ராக் பாடகர்களின் பிற்கால வரலாற்றை எழுதுகிற எவரும் இந்த விதியைத் தொடாமல் எழுத முடியாது.

இங்கே ரேடியோ நேர் எதிராக நடந்துகொண்டது. 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர் ஆல் இந்தியா ரேடியோவிலிருந்து சினிமாப் பாட்டையே ஒதுக்கினார். ஜனங்கள் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போனார்கள். விவித பாரதி 1957-இல் வந்து அவர்களில் பாதிப் பேரைத் திரும்ப அழைத்துவர வேண்டியிருந்தது. உஷாவின் குரல் முதன்முதலில் காற்றில் ஏறியதும் இலங்கை வானொலியில்தான். ஒன்பது வயதில், அமீன் சயானி நடத்திய ஓவல்டின் நிகழ்ச்சியில், ‘மாக்கிங்பேர்ட் ஹில்’ பாடினார். பள்ளி ஒதுக்கிய குரலுக்கு ஒரு பானக் கம்பெனியின் விளம்பர நேரம் கதவு திறந்தது. இந்தியாவில் சினிமா சாராத பாட்டுக்கு அன்று கிடைத்த புகலிடங்கள் இப்படித்தான் இருந்தன: விளம்பர நேரம், ஹோட்டல், கல்லூரி விழா.

இப்போது 1969-க்கு வருவோம். அந்த ஆண்டு ஜனவரி 14 அன்று மெட்ராஸ் மாநிலம் தமிழ்நாடு ஆனது. பிப்ரவரி 3 அன்று அண்ணா மறைந்தார். பின்னாளில் மவுண்ட் ரோடு அவர் பெயரைத் தாங்கியது. மொழியுணர்ச்சி கொதித்துக்கொண்டிருந்த காலம். ஆனால் அந்தக் கொதிப்பு இந்திக்கு எதிரானது, ஆங்கிலத்துக்கு எதிரானது அல்ல. நகரத்தின் நடுவே ஒரு தமிழ்ப் பெண் ஆங்கிலப் பாட்டுப் பாடுவதை அரசியல் தடுக்கவில்லை.

தடுத்தது மதுவிலக்கு என்பது என் எண்ணம். ராஜாஜி 1937-இல் சேலத்தில் தொடங்கிவைத்த மதுவிலக்கு, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் 1948-இல் மாகாணம் முழுவதும் பரவியது. 1971-இல் கருணாநிதி அரசு அதைத் தளர்த்தியது, 1974-இல் மறுபடி கொண்டுவந்தது. ஆக 1969-இல் மவுண்ட் ரோட்டில் நடந்த நைட் கிளப், சட்டப்படி பெர்மிட் இல்லாதவருக்கு ஒரு கோப்பை பியர்கூட ஊற்ற முடியாத ஊரில் நடந்த நைட் கிளப். மதுவிலக்கால் எத்தனை ஏழைக் குடும்பங்களில் அடுப்பு எரிந்தது என்பது தனியாகப் பேச வேண்டிய பெரிய கணக்கு. அதைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமில்லை. இசைத்தொழிலின் கணக்கை மட்டும் பார்க்கிறேன். பாடகி, பியானோ, டிரம்ஸ், பேஸ், சாக்ஸபோன் என்று ஐந்தாறு பேருக்கு வாரத்தில் ஆறு இரவு சம்பளம் கொடுக்க வேண்டும். உலகமெங்கும் இந்தச் சம்பளம் மது விற்ற லாபத்திலிருந்துதான் வந்திருக்கிறது. காபியும் கட்லெட்டும் விற்று ஓர் இசைக்குழுவை ஆண்டு முழுவதும் காப்பாற்ற முடியாது. ஒரு வாரம் காப்பாற்றலாம்.

பார்க் ஸ்ட்ரீட்டுக்கு அந்தக் கஷ்டம் இருக்கவில்லை. டிரின்காஸ், மொகாம்போ, புளூ ஃபாக்ஸ் என்று அடுத்தடுத்த கதவுகள், ஒவ்வொன்றிலும் ஒரு இசைக்குழு. மொகாம்போவில் பாம் கிரெய்ன் பாடினார். லூயிஸ் பேங்க்ஸ் அந்தத் தெருவில் பியானோ வாசித்து வளர்ந்தவர். ஒரு பாடகர் இங்கே சரிப்படவில்லை என்றால் பத்தடி நடந்து அடுத்த கதவைத் தட்டலாம். ஒருவருக்கொருவர் கேட்டுக் கற்றுக்கொள்ளலாம், போட்டி போடலாம். உஷா அங்கே போனபோது ஒரு மேடைக்கு மட்டும் போகவில்லை, ஒரு தெருவுக்கே போனார். டிரின்காஸில்தான் பிற்பாடு கணவரான ஜானி உதுப்பையும் சந்தித்தார்.

கல்கத்தாவும் அவரைப் பூப்போட்டு மட்டும் வரவேற்கவில்லை. 1980-களில், மேற்கு வங்க இடதுசாரி அரசில் பொதுப்பணித் துறை அமைச்சராக இருந்த ஜதின் சக்ரவர்த்தி, உஷாவின் பாட்டைப் பண்பாட்டுச் சீரழிவு என்று கண்டித்தார். மகாஜாதி சதன் அரங்கில் அவர் பாடுவதற்குத் தடை வந்தது. உஷா நீதிமன்றத்துக்குப் போனார், தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊர் பார்க்காமல், இங்கேதான் இருப்பேன், இங்கேதான் பாடுவேன் என்று நின்றார். ஓர் ஊர் தன்னைத் திட்டும்போதும் அதை விட்டுப் போகாதவருக்கு அந்த ஊர் சொந்தமாகிவிடுகிறது.

இந்தி சினிமாவுக்குள் அவர் போனதும் ஒரு ஹோட்டல் வழியாகத்தான். டெல்லி ஓபராயில் பாடிக்கொண்டிருந்தபோது தேவ் ஆனந்தின் படக்குழு கேட்டது. 1971-இல் வந்த ‘ஹரே ராமா ஹரே கிருஷ்ணா’வில் ஆர்.டி. பர்மன் இசையில் ஆங்கில வரிகளைப் பாடினார். பட்டியலில் பெயர் இன்னும் உஷா ஐயர். அதற்கு முந்தைய ஆண்டு சங்கர்–ஜெய்கிஷன் இசையமைத்த ‘பாம்பே டாக்கி’யிலும் குரல் கொடுத்திருந்தார். பிறகு ‘ஷாலிமார்’, பப்பி லஹரியின் டிஸ்கோ அலையில் ‘ரம்பா ஹோ’, ‘டிஸ்கோ டான்சர்’. இவற்றைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது.

தமிழில் எழுதப்படாதது தமிழ் சினிமா அவரை எப்படி நடத்தியது என்பதுதான். 1975-இல் ஏ.பி. நாகராஜன் ‘மேல்நாட்டு மருமகள்’ எடுத்தார். ‘திருவிளையாடல்’ எடுத்த அதே நாகராஜன். இசை குன்னக்குடி வைத்தியநாதன். வெளிநாட்டுப் பெண் தமிழ்க் குடும்பத்து மருமகளாக வரும் கதை. அந்தப் படத்தில் உஷா ஓர் ஆங்கிலப் பாட்டுப் பாடினார். புராணப் படங்களின் மன்னரும் வயலினில் ஊரைக் கட்டிப்போட்ட வித்வானும் சேர்ந்த கூட்டணி ஒரு பாப் பாடகியைத் தேடி அழைத்திருக்கிறது. ஆர்வம் இருந்தது. ஆனால் அழைத்தது ‘மேல்நாடு’ என்பதைக் காட்டுவதற்கு. தாய்மொழி தமிழாக உள்ள ஒரு பெண்ணை ஆங்கிலப் பாட்டுக்கு மட்டும் கூப்பிடுகிறோம் என்பது யாருக்கும் உறுத்தியதாகத் தெரியவில்லை.

அந்த எல்லைக்கோட்டை அழித்தவர் இளையராஜா. 1990-இல் மணிரத்னத்தின் ‘அஞ்சலி’யில் குழந்தைகள் விண்வெளிக் கனவில் பறக்கும் ‘வேகம் வேகம்’ பாட்டை உஷாவிடம் கொடுத்தார். இங்கே அந்தக் குரல் கிளப்பையும் காட்டவில்லை, மேல்நாட்டையும் காட்டவில்லை. அடியிலிருந்து உந்தி மேலே தூக்குகிற ஒரு விசையாக மட்டும் இருக்கிறது, ராக்கெட் கிளம்பும்போது தரை அதிர்வதைப் போல. மெல்லிய குரல் எதுவும் அந்த வேலையைச் செய்திருக்காது. மேல்நாட்டு இசையை வேடிக்கைப் பொருளாக அல்லாமல் இலக்கணமாகக் கற்ற ஒருவருக்குத்தான் அது தோன்றும். இளையராஜா அதைக் கற்ற இடம் மயிலாப்பூர் லஸ் பக்கம், தன்ராஜ் மாஸ்டரின் சிறிய அறை. டிசம்பர் சீசனில் ஆலாபனை மிதக்கும் அதே தெருக்களில் ஆண்டு முழுவதும் பாக்கும் பீத்தோவனும் சொல்லிக்கொடுக்கப்பட்டன. ஏ.ஆர். ரஹ்மானும் அந்த மாஸ்டரின் மாணவர். சென்னைக்கு மேல்நாட்டு இசை தெரியாது என்பவர்கள் லஸ் முனையில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும்.

தமிழில் பாப் பாட வேறு இடத்தில் ஆள் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இலங்கையில் ‘பொப்’ என்று எழுதிய தமிழர்கள் அதைச் சொந்த மொழியில் பாடினார்கள். பைலா மெட்டில் தமிழும் சிங்களமும் கலந்த ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ கடல் தாண்டி வந்து தமிழ்நாட்டுக் கல்யாண வீடுகளில் குடியேறியது. சிலோன் மனோகர் என்று இங்கே பெயர் பெற்று, சென்னையிலேயே வாழ்ந்து, 2018 ஜனவரியில் இங்கேயே காலமானார். கொழும்பில் பொப் என்பது மேடையிலும் ரேடியோவிலும் தமிழ் பேசிக்கொண்டிருந்தபோது, சென்னையில் பாப் என்றால் ஆங்கிலம், ஹோட்டல், மேஜைத் துணி. தமிழில் யாராவது உற்சாகமாக ஒரு மெட்டுப் போட்டால் அதைச் சினிமா உடனே எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டதில் கெடுதல் இல்லை; கூலி கிடைத்தது, புகழ் கிடைத்தது. ஆனால் சினிமாவுக்கு வெளியே நிற்கும் பாடகர் என்ற ஒரு வாழ்க்கை இங்கே உருவாகவில்லை.

உருவாகாமலே போய்விடவில்லை என்பதற்கு ஒரு பெயர் சாட்சி. மயிலாப்பூரில் ராதாகிருஷ்ணன் சாலையில் சவேரா ஹோட்டல் இருக்கிறது, அதில் மால்குடி என்ற உணவகம். அங்கே பாடிய சுபாவுக்கு உணவகத்தின் பெயரே முன்பெயரானது. திருவையாறு, மதுரை, சீர்காழி என்று ஊர்ப்பெயரைச் சுமக்கிற பாடகர்களின் நாட்டில், ஹோட்டல் அறையின் பெயரைச் சுமந்தவர் மால்குடி சுபா. ரஹ்மான் சினிமாவுக்கு வருவதற்கு முன்னால் இசையமைத்த ‘செட் மீ ஃப்ரீ’ என்ற ஆங்கில ஆல்பத்தைப் பாடியவர் அவர்தான். தமிழில் பாப் ஆல்பம் போட்டவர், ‘உயிரே’ படத்தின் ‘தைய தையா’வில் சுக்விந்தர் சிங்கோடு ஒலிப்பவர். அவருடைய குரலும் அடியில் ஓடும் குரல். நைன் ஜெம்ஸ் ஒரு வாரத்தில் முடித்துக்கொண்டதை இருபது ஆண்டு கழித்து மயிலாப்பூரில் ஓர் உணவகம் கொஞ்ச காலமாவது தொடர்ந்தது என்றே இதை நான் படிக்கிறேன்.

2024-இல் உஷா உதுப்புக்குப் பத்மபூஷண் கிடைத்தது. பத்மஸ்ரீ 2011-இலேயே வந்திருந்தது. 2024 பத்மபூஷண் பட்டியலில் தமிழ்நாடு என்ற குறிப்போடு மறைந்த விஜயகாந்தின் பெயர் இருந்தது. உஷாவின் பெயருக்கு எதிரே மேற்கு வங்கம் என்று இருந்தது, அது நியாயமான குறிப்புத்தான். அதே ஆண்டு ஜூலையில் ஜானி உதுப் காலமானார்.

மேடையில் அவரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: உடலில் காஞ்சிப் பட்டு, பனகல் பார்க் கடைகளில் கல்யாணக் கூட்டம் அள்ளிக்கொண்டு போகிற அதே அகலக்கரைப் பட்டு. நெற்றியில் பெரிய வட்டப் பொட்டு. அந்தப் பொட்டுக்குள் வங்காள எழுத்தில் ‘க’ என்று எழுதியிருக்கும்.